ரத்தமா, கல்யாணச் சான்றா?

மதராஸ் கவர்னர்களின் வரிசையில் 1900 டிசம்பரில் ஓர் இளைஞர் வந்து சேர்கிறார். பெயர் ஆர்தர் ஆலிவர் வில்லியர்ஸ் ரஸல், இரண்டாம் ஆம்ப்தில் பிரபு. அப்போது அவருக்கு 31 வயது. 1906 வரை இங்கே ஆண்டார். நடுவில் 1904-இல் கர்சன் விடுப்பில் போனபோது சில மாதங்கள் வைஸ்ராய் பொறுப்பையும் பார்த்துக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காகக் குரல் கொடுத்தார். காந்தியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். நம் ஊர் வரலாற்றில் அவருக்கு இதற்கு மேல் இடமில்லை. ஆனால் அவருக்குப் பிறகு அந்தப் பட்டம் யாருக்குப் போகும் என்ற கேள்வி பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைவரை இரண்டு முறை போனது. இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டு. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், அங்கே பட்டங்கள் எப்படிக் கைமாறுகின்றன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் கொடிவழிகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். 1826-இல் ஜான் பர்க் தொடங்கிய பெரிய வம்சாவளித் தொகுப்பு இன்றும் அந்தத் துறையில் முதலில் புரட்டும் நூல். பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சுருக்கெழுத்துகள்: வாரிசின்றி இறந்தார், தந்தை உயிரோடு இருக்கும்போதே இறந்தார், மணமாகாதவர். மகன்களை வரிசையாகப் போட்டு முடித்த பிறகுதான் மகள்கள் வருவார்கள். மூத்தவள் மகளாகவே இருந்தாலும் கடைசித் தம்பிக்குக் கீழேதான் அவள் பெயர். பழகாத கண்ணுக்கு வெறும் பட்டியல். பழகிவிட்டால் ஒவ்வொரு வரியிலும் ஒரு மரணம், ஒரு கல்யாணம், ஒரு ஏமாற்றம் தெரியும். படிக்கப் படிக்க எனக்கு உறுதியானது இதுதான்: ரத்தத்தின் வரலாறு என்று பெயர் வாங்கிய இந்தக் கொடிவழிகள், அடியில் கல்யாணங்களின் வரலாறு. யாருடைய ரத்தம் யாருக்குள் ஓடியது என்பதை அவை சொல்வதில்லை. யார் யாரைச் சட்டப்படி மணந்தார், அந்த மணவாழ்வுக்குள் யார் பிறந்தார் என்பதைத்தான் சொல்கின்றன.

ஐரோப்பாவின் பல நாடுகளில் பிரபுவின் பிள்ளைகள் எல்லோருமே பிரபு வர்க்கம். பிரிட்டனில் அப்படியில்லை. டியூக், மார்க்குவெஸ், ஏர்ல், வைக்கவுண்ட், பாரன் என்ற ஐந்து படிகளில் எதுவானாலும் பட்டம் ஒரு நேரத்தில் ஒரே ஆளுக்குத்தான். அவருடைய தம்பி தங்கைகள் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமக்கள். வின்ஸ்டன் சர்ச்சில் ஏழாம் மார்ல்பரோ டியூக்கின் பேரன். அவருடைய அப்பா ராண்டால்ஃப் இளைய மகன் என்பதால் அவர்கள் வீட்டுக்குப் பட்டம் வரவில்லை. அதனால்தான் தேர்தலில் நின்று மக்கள் சபைக்குப் போனார், அங்கிருந்து பிரதமரும் ஆனார்.

பட்டம் எந்த வழியில் போகும் என்பதை முடிவு செய்வது, அதைக் கொடுத்தபோது அரசர் முத்திரையிட்ட சாசனம். பெரும்பாலான சாசனங்களில் ஒரே விதிதான்: பட்டம் பெற்றவரின் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு, அதுவும் முறையாகப் பிறந்தவர்களுக்கு. எழுதியவர் கை ஒரு சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெவன் ஏர்ல் பட்டத்தைப் போல இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியாது.

எட்டாம் ஹென்றி, எக்ஸெட்டர் மார்க்குவெஸின் தலையை வெட்டியபோது அவருடைய சிறு வயது மகன் எட்வர்ட் கோர்ட்னியும் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தான். அவனை யாரும் வெளியே விடவில்லை. 1538-இல் உள்ளே போன சிறுவன் 1553-இல் மேரி ராணி பட்டத்துக்கு வந்த பிறகு வாலிபனாகத்தான் வெளியே வந்தான். மேரி அவனை டெவன் ஏர்ல் ஆக்கினார். மூன்றே வருடத்தில், 1556-இல், இத்தாலியின் பாதுவா நகரில் மணமாகாமலே இறந்துபோனான். பட்டம் அற்றுப்போனது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு வேறு குடும்பங்களுக்கும் டெவன் பெயரில் பட்டம் கொடுத்தார்கள்.

1553-இன் சாசனத்தில் ‘ஆண் வாரிசுகளுக்கு’ என்று மட்டும் இருந்தது. ‘உடலில் பிறந்த’ என்பது இல்லை. அப்படியானால் அவனுக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் பங்காளிகளில் மூத்த கிளைக்குப் பட்டம் போக வேண்டும் அல்லவா? இந்தக் கேள்வி பிரபுக்கள் சபைக்கு வந்து, 1831-இல் ஆமாம் என்று தீர்ப்பானது. பௌடர்ஹாம் கோட்டையின் கோர்ட்னி குடும்பம்தான் அந்தப் பங்காளிக் கிளை. எட்வர்டுக்கும் அவர்களுக்கும் பொதுவான பாட்டன் யார் என்று தேடினால் 1377-இல் இறந்த ஹ்யூ கோர்ட்னிவரை போக வேண்டும். 275 வருடம் தூங்கிய பட்டம் எழுந்து உட்கார்ந்தது. அது கிடைத்த வில்லியம் கோர்ட்னி ஒன்பதாம் ஏர்ல் என்று எண்ணப்படுகிறார். முதலாமவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஏழு பேரும் தாங்கள் ஏர்ல் என்று தெரியாமலே வாழ்ந்து இறந்தவர்கள்.

அந்த வில்லியம் அப்போது பாரிஸில் வாழ்ந்துகொண்டிருந்தார். மணமாகாதவர். அவருக்குச் சகோதரிகள் பதின்மூன்று பேர், சகோதரன் ஒருவரும் இல்லை. 1835-இல் அவர் இறந்ததும் பட்டம் அந்தப் பதின்மூன்று பேரையும் தாண்டி, நாடாளுமன்றத்தில் எழுத்தர் பதவியில் இருந்த ஒரு பங்காளிக்குப் போனது. டெவன் கதையைச் சொல்பவர்கள் சாசனத்தில் விடுபட்ட சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்தப் பதின்மூன்று பெண்களின் வரிசைதான் நினைவில் நிற்கிறது.

பெண்களுக்கு வழியே இல்லையா என்றால், அங்கங்கே உண்டு. அரசர் நாடாளுமன்றத்துக்கு அழைப்பாணை அனுப்பியதால் உண்டான பழைய பாரன் பட்டங்கள் மகளுக்கும் போகும். ஆனால் மகள்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோரும் சம உரிமைக்காரர்கள், ஆகவே யாருக்கும் இல்லை; பட்டம் தொங்கலில் நின்றுவிடும். கிரே ஆஃப் காட்னர் என்ற பட்டம் 1496-இல் இப்படித் தொங்கலுக்குப் போய் 1989-இல்தான் ஒருவர் கைக்கு வந்தது. இடையில் எத்தனை தலைமுறை, எத்தனை கிளை! முதலாம் மார்ல்பரோ டியூக்குக்கு மகன் பிழைக்கவில்லை என்பதால் நாடாளுமன்றம் 1706-இல் தனிச் சட்டமே போட்டு மகளுக்கு வழிவிட்டது. 1722-இல் ஹென்றியட்டா தன் சொந்த உரிமையில் டச்சஸ் ஆனார். போர்க்களத்தில் அந்த அளவுக்கு வென்ற அப்பா இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

மற்றவர்கள் சுற்றுவழியில் போனார்கள். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது கோட்டையில் இருந்தவர் அவர்தான். அவருடைய மனைவி ஹென்றியட்டா ஹெர்பர்ட்டின் அண்ணன், பாவிஸ் ஏர்ல், 1801-இல் மணமாகாமல் இறந்தார். தங்கைக்குப் பட்டம் போக வழியில்லை, அற்றுப்போனது. 1804-இல் அரசர் அதே பெயரில் புதுப் பட்டம் உண்டாக்கி அவளுடைய கணவருக்குக் கொடுத்தார். மாமன் வீட்டுச் சொத்து வந்த மகன் 1807-இல் கிளைவ் என்ற பெயரையே விட்டுவிட்டு ஹெர்பர்ட் ஆனார். சொத்து பெண் வழியாகத்தான் வந்தது. பட்டத்தின் ஏட்டில் மட்டும் அவள் இன்னாருக்குத் தங்கை, இன்னாருக்கு மனைவி.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற இந்தியர் ஒருவர்தான்: சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்து ராய்ப்பூர்க்காரர். வைஸ்ராயின் நிர்வாக சபையில் இடம்பெற்ற முதல் இந்தியர், 1915 பம்பாய் காங்கிரஸின் தலைவர். 1919-இல் அவரை ராய்ப்பூர் பாரன் ஆக்கி, இந்தியத் துறையின் துணை அமைச்சராகவும் உட்கார வைத்தார்கள். அந்த வருடத்து இந்திய அரசுச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் எடுத்துச் சென்றவர் அவர். 1928-இல் காலமானார். மூத்த மகன் அருண் குமார் அப்பாவின் இடத்தைக் கேட்டார். கிடைக்கவில்லை.

கேள்வி இதுதான். சின்ஹா கோவிந்த மோகினியை 1880-இல் இந்து முறைப்படி மணந்தவர். அன்றைய இந்துச் சட்டத்தில் ஆண் இன்னொரு மனைவியையும் கட்டிக்கொள்ளலாம். ஆங்கில நீதிமன்றமோ 1866-இன் ஒரு தீர்ப்பிலிருந்தே, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மற்ற எவரையும் விலக்கி ஆயுளுக்கும் சேர்வதுதான் திருமணம் என்று சொல்லிவந்தது. இரண்டாம் மனைவிக்கு இடம் தரும் ஒரு முறையில் நடந்த கல்யாணத்தில் பிறந்தவர், சாசனம் சொல்லும் ‘முறையாகப் பிறந்த’ வாரிசா? சின்ஹாவுக்கு இருந்தது ஒரே மனைவி. அது யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் கேள்வி நின்றது.

1939-இல்தான், பட்டத்துக்கான உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கும் பிரபுக்கள் சபையின் சிறப்புரிமைக் குழு மகனுக்கு வழிவிட்டது. சின்ஹா தம்பதி ‘சாதாரண பிரம்ம சமாஜம்’ என்ற வங்காளச் சீர்திருத்தச் சமய அமைப்பில் சேர்ந்தவர்கள், அந்தச் சமாஜத்தில் இரண்டாம் தாரத்துக்கு இடமில்லை, ஆகவே அந்தத் திருமணம் ஒருதாரத் திருமணமாகிவிட்டது என்பதுதான் காரணம். பதினோரு வருடம் கழித்து வந்த முடிவு. எனக்கு இதைப் படிக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. அந்தச் சபை ஒருவரை உள்ளே அழைத்து, மேசையில் இடம் கொடுத்து, தன் சட்டத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்தது. அப்போதெல்லாம் அவர் மனைவி அவருக்கு மனைவிதான். அவர் போன பிறகு மகனைப் பார்த்து, உன் அம்மா கல்யாணமானவர்தானா என்று கேட்டது. பிரம்ம சமாஜத்தில் சேராத ஓர் இந்து வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இனி ஆம்ப்தில். மதராஸ் கவர்னரின் மூத்த மகன் ஜான் ஹியூகோ ரஸல் 1918-இல் கிறிஸ்டபெல் ஹார்ட் என்ற பெண்ணை மணந்தார். அவளுக்கு லண்டன் கர்ஸன் தெருவில் உடை தைக்கும் கடை இருந்தது. தன் காலில் நின்றவள். தொடக்கத்தில் பிள்ளை வேண்டாம் என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். 1921 ஜூனில் குறி சொல்லும் ஒரு பெண்ணிடம் போனவளுக்கு, நீ ஐந்து மாதக் கர்ப்பம் என்ற செய்தி அங்கேதான் கிடைத்தது. அக்டோபரில் ஆண் குழந்தை, பெயர் ஜெஃப்ரி. என் பிள்ளை இல்லை என்று ஜான் விவாகரத்து கேட்டார்.

பத்திரிகைகள் அந்த வழக்கைப் படுக்கையறைவரை இழுத்துப் போட்டன. முதல் விசாரணையில் முடிவு கிட்டவில்லை. 1923-இல் இரண்டாம் விசாரணையில் ஜூரி கணவன் பக்கம் சாய்ந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. கிறிஸ்டபெல் விடவில்லை, பிரபுக்கள் சபைக்குப் போனாள். அங்கே 1924-இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் பழைய விதி ஒன்றை எடுத்து வைத்தார்கள்: மணவாழ்வுக்குள் பிறந்த குழந்தையை முறைதவறிப் பிறந்தது என்று காட்ட, நாங்கள் அந்தக் காலத்தில் சேரவில்லை என்று கணவனோ மனைவியோ சாட்சி சொல்ல முடியாது. ஜானின் வழக்கே அந்தச் சாட்சியத்தின் மீதுதான் நின்றிருந்தது. அது விழுந்ததும் எல்லாம் விழுந்தது. 1926-இல் நீதிமன்றம் ஜெஃப்ரியை முறையான பிள்ளை என்று அறிவித்தது. விவாகரத்து வழக்குகளின் விவரங்களைப் பத்திரிகைகள் அச்சிடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே வருடம் வந்தது.

அப்புறம் நடந்தது இது. 1935-இல் முன்னாள் கவர்னர் இறந்து ஜான் மூன்றாம் ஆம்ப்தில் பிரபு ஆனார். 1937-இல் அவரும் கிறிஸ்டபெல்லும் பிரிந்தார்கள். மூன்றாம் கல்யாணத்தில் அவருக்கு 1950-இல் ஒரு மகன் பிறந்தான். 1973-இல் ஜான் இறந்தபோது பட்டத்துக்கு இரண்டு பேர். ஒருவர் ஜெஃப்ரி. மற்றவர், அப்பா தன் பிள்ளை என்று சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்ட இளையவர். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கேள்வி மறுபடி சிறப்புரிமைக் குழுவின் முன் வந்தது. 1976-இல் ஜெஃப்ரி வென்றார். 1926-இன் அறிவிப்பு இறுதியானது, அதை இனி யாரும் கிளற முடியாது என்றது குழு. விசாரணைக்குச் சற்று முன்புதான் கிறிஸ்டபெல் இறந்திருந்தார். அந்தத் தீர்ப்பில் சைமன் பிரபு, தாய்மை பிரசவத்தால் கண்கூடாக நிரூபணமாகிறது, தகப்பன்மையோ ஓர் அனுமானம்தான் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

ஜெஃப்ரி நான்காம் ஆம்ப்தில் பிரபுவாகப் பல வருடம் சபையில் உழைத்தார். பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களை 1999-இன் சட்டம் வெளியே அனுப்பியபோது, தங்கியவர்களில் அவரும் ஒருவர். பிறந்த நாளிலிருந்து உன் அப்பா யார் என்று ஊரே கேட்ட ஒரு குழந்தை, அதே சபையில் இருந்து 2011-இல் இறந்துபோனது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. 1924-இன் விதி நியாயமான விதியா? உண்மையைச் சொல்லவிடாமல் சாட்சியின் வாயைக் கட்டியது என்று சொல்பவர்கள் உண்டு. 1949-இல் நாடாளுமன்றமே அதை நீக்கிவிட்டது. ஆனால் அந்த விதி காப்பாற்றியது ஒரு குழந்தையை. அந்தக் காரணத்துக்காகவே நான் அதன் பக்கம்.

இன்று மரபணுச் சோதனை வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் பிரிங்கிள் குலத்தார் தங்கள் குலத் தலைவர் யார் என்று கண்டறிய ஆண் வழி மரபணு ஆய்வு ஒன்றில் இறங்கினார்கள். பத்தாம் பேரனெட் சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள் தன் மாதிரியைத் தானே கொடுத்தார். பேரனெட் என்பது பாரனுக்குக் கீழே உள்ள பரம்பரைப் பட்டம். ராயல் மரீன்ஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர், 1981-இல் ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டில் ஒரு காலை இழந்தவர். சோதனை முடிவு அவருடைய கிளைக்கே எதிராக வந்தது. அவருடைய அப்பாவான ஒன்பதாம் பேரனெட், எட்டாமவரின் பிள்ளையாக இருக்க முடியாது என்றது. 1683-இல் இரண்டாம் சார்லஸ் கொடுத்த பட்டம் அது, உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு. 2013-இல் சர் ஸ்டூவர்ட் இறந்த பிறகு விஷயம் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவுக்குப் போனது. 2016-இல் குழு மரபணுச் சான்றை ஏற்றுக்கொண்டு, பட்டத்தை அவர் மகனுக்குத் தராமல் பங்காளிக் கிளையில் இருந்த ஒரு கணக்காளருக்குத் தந்தது. இதனால் பழைய வாரிசு முறைகள் பலவும் கிளறப்படலாம் என்பதைத் தீர்ப்பை எழுதிய ஹாட்ஜ் பிரபு உணர்ந்தே இருந்தார். அது நல்லதா கெட்டதா என்று சொல்வது தங்கள் வேலையில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இத்தனை தலைமுறைகளில் எத்தனை வீடுகளில் எத்தனை மனைவிகள் எதை மனதுக்குள் புதைத்துக்கொண்டு போனார்களோ. அந்த வீட்டில் பிறந்து, அந்தப் பெயரில் வளர்ந்து, அந்த அப்பாவைத் தோளில் சுமந்து அடக்கம் செய்தவனை, நூறு வருடம் கழித்து ஒரு சோதனைக்கூடம் வெளியே தள்ளலாமா? கல்யாணத்தை நம்பிய பழைய விதிக்கு ஒரு கருணை இருந்தது.

ஆனால் அதே விதிக்கு இரக்கமில்லாத முகமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னதாகும். 2004-இல் தொடங்கிய அதிகாரப்பூர்வப் பிரபுக்கள் பதிவேட்டில் பெயர் ஏற, வாரிசு தன் உரிமையை நிரூபிக்க வேண்டும். தத்துப் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது. மகள்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. அரியணைக்கே 2013-இல் மூத்த பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம் என்று சட்டம் செய்தவர்கள், பட்டங்களைத் தொடவில்லை. பெற்றோர் கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு, அவர்கள் பின்னால் கல்யாணம் செய்துகொண்டாலும், இங்கிலாந்துப் பட்டம் கிடையாது. ஸ்காட்லாந்துப் பட்டமாக இருந்தால் கிடைக்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகள் மேரி வாழ்க்கைப்பட்ட ஹேர்வுட் ஏர்ல் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய ஏர்லின் மூத்த மகன் 1978-இல் பிறந்தவர். பெற்றோர் மணந்தது 1979-இல். இரண்டாம் மகன் பிறந்தது 1980-இல். இருவருக்கும் அம்மா ஒருவரே, அப்பா ஒருவரே, அதில் யாருக்கும் ஐயமில்லை. பட்டத்துக்கு வாரிசு இரண்டாமவர். இந்த ஒரு விதியையாவது அவர்கள் ஸ்காட்லாந்திடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம்.